எச்.ஆர். 7152: ஒரு மசோதா கடந்த வாசல்கள்

1963 ஜூன் 11 இரவு. அதிபர் ஜான் கென்னடி தொலைக்காட்சியில் தோன்றினார். உணவகம், தங்கும் விடுதி, கடை என எங்கும் கறுப்பின மக்களை விலக்கி வைக்கக்கூடாது, அதற்குச் சட்டம் வேண்டும் என்று நாட்டு மக்களிடம் பேசினார். அடுத்த சில மணி நேரத்தில், மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

இவ்வளவு அவசரமான சட்டத்தைக்கூட அமெரிக்க அதிபரால் தானாக அவையில் வைக்க முடியாது. அவர் அவை உறுப்பினர் அல்லர். அவருடைய அமைச்சர்களும் அல்லர். சட்டம் இயற்றும் அதிகாரம் பிரதிநிதிகள் சபையும் செனட்டும் சேர்ந்த காங்கிரஸுக்கே உரியது. ஜூன் 19 அன்று கென்னடி அனுப்பிய வரைவை, மறுநாள் பிரதிநிதிகள் சபையில் நியூயார்க் உறுப்பினர் இமானுவேல் செல்லர் தாக்கல் செய்தார். அப்போது கிடைத்த எண்தான் எச்.ஆர். 7152.

செல்லரே நீதித்துறைக் குழுவின் தலைவர் என்பதால் முதல் வாசல் திறந்தது. ஒஹாயோவைச் சேர்ந்த குடியரசுக் கட்சிக்காரர் வில்லியம் மெக்கல்லக் தோள் கொடுத்தார். நவம்பர் 20 அன்று குழுவின் அறிக்கை வந்தது. இரண்டே நாளில் கென்னடி டல்லஸில் கொல்லப்பட்டார்.

அடுத்தது விதிகள் குழு. ஒரு மசோதா எப்போது அவைக்கு வரும், எத்தனை மணி நேரம் விவாதிக்கப்படும் என்பதை முடிவு செய்வது அதுதான். அதன் தலைவரான விர்ஜினியாவின் ஹோவர்ட் ஸ்மித் இனப் பிரிவினையை ஆதரித்தவர், மசோதாவை அசையவிடவில்லை. 435 உறுப்பினர்களில் 218 பேர் கையெழுத்திட்டால் குழுவின் பிடியிலிருந்து மசோதாவை வெளியே இழுக்கலாம் என்றொரு வழி இருந்தது. செல்லர் தரப்பு கையெழுத்து சேகரிக்கத் தொடங்கியது. நெருக்கடி முற்றியதும் ஸ்மித் இறங்கி வந்தார். அவையில் விவாதம் நடந்தபோது, வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் பிரிவில் பாலினத்தையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தவரும் அவரே. அது நிறைவேறியது. 1964 பிப்ரவரி 10 அன்று 290க்கு 130 என்ற வாக்குகளில் சபை மசோதாவை ஏற்றது.

செனட்டில்தான் உண்மையான சோதனை. அங்கே நீதித்துறைக் குழுத் தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். அவரிடம் போனால் மசோதா திரும்பி வராது என்பதால், பெரும்பான்மைக் கட்சித் தலைவர் மைக் மான்ஸ்ஃபீல்ட் அந்தக் குழுவுக்கு அனுப்பாமலே அதை நேரே அவையின் பட்டியலில் ஏற்றினார். செனட்டில் ஒருவர் பேச எழுந்தால் நிறுத்தச் சொல்ல முடியாது. விவாதத்தை முடித்து வைக்க அன்றைய விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸ்ஸல் தலைமையில் தென் மாநில உறுப்பினர்கள் முறை வைத்துப் பேசினார்கள். ஃபிலிபஸ்டர் எனப்படும் இந்த முட்டுக்கட்டை 60 வேலை நாட்கள் நீடித்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் கென்னடிக்குப் பின் அதிபரான லிண்டன் ஜான்சனின் சொந்தக் கட்சியினர். ஆகவே மசோதாவின் உயிர் குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன் கையில் இருந்தது. மசோதாவைச் செனட்டில் முன்னின்று நடத்திய ஹியூபர்ட் ஹம்ஃப்ரி அவரோடு பொறுமையாகப் பேசி, சில வரிகளைத் திருத்தி, சம்மதம் பெற்றார்.

ஜூன் 10 அன்று விவாதத்தை முடித்து வைப்பதற்கான வாக்கெடுப்பு. மூளையில் கட்டி வந்து பேச்சிழந்திருந்த கலிபோர்னியாவின் கிளேர் எங்கிளைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். பெயர் சொல்லி அழைத்ததும் பேச முயன்றார், குரல் எழவில்லை. கையை உயர்த்தித் தன் கண்ணைச் சுட்டிக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் ஆதரவு வாக்குக்கும் ஒலி ஒன்றே. அந்த வாக்கும் சேர்ந்து 71க்கு 29. மக்களாட்சிக்காக ஒரு மனிதர் தன் கடைசித் துளி பலத்தையும் தந்த காட்சி இதைவிடப் பெரிதாக எனக்குத் தெரியாது. ஜூலை 30 அன்று அவர் காலமானார்.

ஜூன் 19 அன்று செனட் 73க்கு 27 என்று மசோதாவை நிறைவேற்றியது. வாசகம் மாறியிருந்ததால் மறுபடி பிரதிநிதிகள் சபைக்குப் போக வேண்டியிருந்தது. இரு அவைகளும் ஒரே வாசகத்தை ஏற்றாக வேண்டும். ஜூலை 2 அன்று சபை ஏற்றது. அன்று மாலையே ஜான்சன் கையெழுத்திட்டார்.

பயணம் அதோடு முடியவில்லை. அட்லாண்டாவில் 216 அறைகள் கொண்ட ஒரு விடுதியின் உரிமையாளர், கறுப்பினத்தவருக்கு அறை தர மறுத்து, இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். மத்திய அரசுக்கு அரசியல் சாசனம் குறித்துத் தந்த அதிகாரங்கள் மட்டுமே உண்டு. இதே போன்ற 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை, தனியார் நடத்தையில் காங்கிரஸ் தலையிட முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1883இல் வீழ்த்தியிருந்தது. இம்முறை அரசின் வழக்கறிஞர்கள் வேறொரு வழியில் வந்தார்கள்: விடுதியின் விருந்தினர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிமாநிலத்தவர்; மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு. டிசம்பர் 14 அன்று நீதிபதிகள் ஒருமனதாக அதை ஏற்றார்கள். மனிதரின் மானத்தை வணிகத்தின் பெயரால் காக்க நேர்ந்தது எனக்கு வருத்தமே. ஆனாலும் விடுதிக் கதவு திறந்தது.

இரண்டு அவை, தனி அதிபர், தனி நீதிமன்றம் ஆகியவை 1787இல் பிலடெல்பியாவில் எழுதிய சாசனத்தில் உள்ளவை. இந்த மசோதாவை மாதக்கணக்கில் முடக்கிய விதிகள் குழுவும் ஃபிலிபஸ்டரும் அதில் இல்லை. அவைகள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்டவை. அதிபர் ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார் என்று இனி செய்தியில் படித்தால், மசோதா எந்தக் குழுவிடம் இருக்கிறது, அதன் தலைவர் யார், செனட்டில் எத்தனை வாக்கு தேவை என்று தேடிப் பாருங்கள்.