காட்டைக் கற்ற வைத்தியர்

கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களைக் காண்போர், 1895-இல் நிறைவேறிய பெரியாற்று அணையைப் போற்றுவர். அணை நீரைத் தேக்குகிறது. மழைநீரை மண்ணில் தாங்கி, மெல்ல மெல்ல ஓடைகளுக்கு வழங்குவதோ மலைக்காடு. அக்காட்டைக் காப்பது அரசின் கடமை என்று வாதாடிய முன்னோடிகளுள் ஒருவர் அதே 1895-இல் மறைந்தார். ஹியூ கிளெக்கார்ன் என்னும் அப்பெரியாரைப் பற்றியே இன்று பேசுகிறேன்.

1820-இல் சென்னையில் பிறந்த அவர், எடின்பரோவில் மருத்துவம் பயின்று, 1842-இல் கம்பெனியின் வைத்தியராகத் திரும்பினார். ஷிமோகாவில் பணியாற்றுகையில் நாள்தோறும் ஒரு செடியை ஆராய்ந்து, ஓவியரைக் கொண்டு வரைவித்தார். பேராராய்ச்சிகள் இத்தகைய சிறு ஒழுக்கங்களிலிருந்தே பிறக்கின்றன என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்வீர்களாக.

வெப்பநாட்டுக் காடுகளின் அழிவு குறித்து 1851-இல் பிரிட்டனின் அறிவியற் சங்கம் ஒன்றுக்கு அறிக்கை வழங்கிய குழுவில் அவரும் இருந்தார். 1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார். அவ்வாண்டிலேதான் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது. தண்டவாளத்தின் அடிக்கட்டைகளுக்கும் இயந்திரத்தின் விறகுக்கும் காடு இரையாயிற்று. கிளெக்கார்ன் ஆனைமலை முதலிய மலைகளைச் சுற்றினார். வெட்டுவதற்கு வரம்பும், நடுவதற்குத் திட்டமும் வேண்டும் என்றார். 1861-இல் தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றித் தம் நூலை வெளியிட்டார்.

ஆயினும், வரலாற்றாசிரியன் புகழ்ச்சியோடு நின்றுவிடலாகாது. மலைச்சரிவை எரித்து விதைக்கும் குமரி வேளாண்மையை அவர் கடுமையாக எதிர்த்தார். 1860-இல் அரசும் அதற்குத் தடை விதித்தது. எரிப்பால் மரங்கள் அழிந்தமை உண்மையே. ஆனால் ரயிலுக்கு மரம் கேட்ட அரசே, மலைவாசியின் கையிலிருந்த அரிவாளைக் குற்றமாகக் கருதியது முறையா? 1882-இல் வந்த சென்னை வனச் சட்டம் காட்டுக்கு எல்லை வகுத்தது. காட்டையே வீடாகக் கொண்டோருக்கு அவ்வெல்லை வேலியாயிற்று. நம் மலைகளின் பளியர் போன்றோருடைய உரிமையைச் சட்டம் ஏற்க 2006 வரை காத்திருக்க நேர்ந்தது.

அன்பர்களே! காடு தேசத்தின் செல்வம் என்று கற்பித்தவர் கிளெக்கார்ன். அது அதன் மக்களுக்கும் உரியது என்பதை நாம் தாமதமாகவே கற்றோம். சுருளி அருவியருகே நிற்கும்போது இவ்விரண்டு பாடங்களையும் ஒருசேர நினைவுகூருங்கள்.