கொல்லுலையில் தோன்றிய போர்வண்டி

இரும்பும் மரமும் ஆளும் தொழிலே உலகியலுக்கு அச்சாணி என்பது நம்மனோர் வழிவழியாக அறிந்த உண்மை. கொற்றொழிலும் தச்சுத்தொழிலும் மரபுரிமையாகப் பெற்ற நமக்கு, ஒரு சிற்றூர்க் கொல்லுலையின் வழித்தோன்றலாய்ப் பிறந்து, கடல்கடந்து சென்று, ஒரு பெரும்போரின் வெற்றிக்குத் துணைநின்ற லாரியொன்றின் வரலாறு பயன்தரும் என்று கருதி, அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்தியானா மாகாணத்துச் சௌத் பெண்டு என்னும் ஊரில், 1852-ஆம் ஆண்டில், ஹென்றி, கிளெமெண்டு என்னும் ஸ்டூடிபேக்கர் உடன்பிறந்தார் இருவர் ஒரு கொல்லுலை அமைத்தனர். அவர்தம் தந்தையாரும் கொல்லரே. இவர்கள் குதிரைவண்டிகள் செய்து பெயர்பெற்றனர். அந்நாட்டின் உள்நாட்டுப் போரில் படைக்கும் வண்டிகள் செய்தளித்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்தம் தொழிற்சாலை மோட்டார் வண்டி செய்யவும் தலைப்பட்டது.

இரண்டாம் உலகப்போர் மூண்ட காலை, அமெரிக்கத் தலைவர் ரூசுவெல்ட் 1940-ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் உவமை கூறினார். அண்டை வீடு தீப்பற்றி எரியும்போது, நீர்க்குழாயை விலைபேசி விற்போர் உளரோ? முதலில் கொடுத்துத் தீயை அவித்தபின் திரும்பப் பெறுவதே முறையாம். இக்கருத்தின்படி, 1941-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11-ஆம் நாள் கடன்-குத்தகைச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு ஜூன் 22-ஆம் நாள் ஜெர்மனி ருஷியாவின்மீது படையெடுத்தது. சில திங்களில் ருஷியாவும் அவ்வுதவி பெறும் நாடாயிற்று.

அங்ஙனம் அனுப்பப்பெற்ற பொருள்களுள் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட லாரிகள் அடங்கும். அவற்றுள் முதன்மையானது ஸ்டூடிபேக்கர் 'யூ. எஸ். 6' என்பது. ஏறத்தாழ 2 இலட்சம் வண்டிகள் செய்யப்பெற்றன. அவற்றுட் பெரும்பகுதி ருஷியாவுக்கே சென்றது. அமெரிக்கப்படை தனக்கென வேறொரு தொழிற்சாலையின் வண்டியை ஏற்றுக்கொண்டமையால், இதனை நேசநாடுகட்கு வழங்குதல் எளிதாயிற்று.

இவ்வண்டியின் சிறப்பு யாது? பொதுவான லாரியில் எஞ்சினின் ஆற்றல் பின்னச்சுக்கு மட்டுமே செல்லும். இதன் பெரும்பான்மை வகையிலோ மூன்று அச்சுக்களும் எஞ்சினால் இயங்கின. வேனில் தொடக்கத்தில் பனியுருகியும், இலையுதிர் காலத்தில் மழையாலும் ருஷிய நாட்டுச் சாலைகள் சேறாகும். பிறவண்டிகள் புதைந்து நின்ற இடத்தும் இது சென்றது. தரங்குறைந்த பெட்ரோலிலும் ஓடியது.

இவ்வண்டிகள் சென்ற வழிகளுள் பாரசீக வழி ஒன்று. பெட்டிகளில் உறுப்புறுப்பாகக் கப்பலில் வந்தவற்றை அந்திமேஷ்கு, கொராம்ஷர் என்னும் ஊர்களிலிருந்த பட்டறைகளிற் பூட்டி, வடக்கே ஓட்டிச்சென்றனர். 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அவ்வழியைத் திறந்த படையில் நம் இந்திய வீரரும் இருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1943-ஆம் ஆண்டு முதல் 'கத்யூஷா' என்னும் ராக்கெட்டுப் பொறிகளும் இவ்வண்டிமீது ஏற்றப்பட்டன. 1944-ஆம் ஆண்டுக் கோடையில் ருஷியப்படை மின்ஸ்கு நகரை மீட்டு மேற்கே விரைந்தபோது, உணவும் குண்டும் பின்தொடர உதவியவை இவையே. போர் முடியுங்கால் அப்படையின் மோட்டார் வண்டிகளில் ஏறக்குறைய மூன்றிலொன்று இவ்வுதவியால் வந்தவை. இவையின்றி முன்னேறியிருத்தல் அரிது எனப் பிற்காலத்தே குருஷேவ் தம் நினைவுரையில் ஒப்புக்கொண்டார்.

போர் ஓய்ந்தபின் 1945-இல் உதவி நின்றது. எஞ்சிய வண்டிகள் பல, பாழ்பட்ட நாட்டைச் சீர்செய்யும் பணியிற் சுமை இழுத்தன. உதிரி உறுப்புக்கள் வருதல் நின்றபோது, வாங்கிப் பழகியோர்க்குச் செய்யக் கற்றல் கடமையாயிற்று. மாஸ்கோ தொழிற்சாலை 1948-ஆம் ஆண்டில் மூன்றச்சும் இயங்கும் 'ஜிஸ் 151' என்னும் வண்டியைச் செய்தது. அது மிகக் கனத்தது. சேற்றில் அமெரிக்க வண்டிக்கு நிகராகவில்லை. எனினும் தொழிலாளர் மனஞ்சோர்ந்திலர். பின்னச்சுக்களின் இரட்டைச் சக்கரங்களை ஒற்றையாக்கி, டயரின் காற்றை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கூட்டவும் குறைக்கவும் வகைசெய்து, 1958-இல் 'ஜில் 157' வண்டியை வெளியிட்டனர். அது பல்லாண்டுகள் செய்யப்பெற்றது. சீனநாட்டிலும் அதன் வழியில் வண்டிகள் தோன்றின. ஸ்டூடிபேக்கர் தொழிற்சாலையோ 1966-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி செய்தலையே விட்டொழித்தது.

கணக்குத் தீர்த்தலும் எளிதாக முடிந்ததன்று. பகைமை வளர்ந்தமையால் வழக்கு நீண்டு, 1972-ஆம் ஆண்டிலேதான் 72 கோடியே 20 இலட்சம் டாலர் என உடன்பாடு ஏற்பட்டது. அதற்கிடையே, பெற்ற உதவியைச் சிறிதாகப் பேசும் வழக்கமும் ருஷியாவில் மிகுந்தது. ஆயினும் இரண்டு கோடியே எழுபது இலட்சம் உயிரை இழந்து போரிட்டோர் அவர்களே என்பதனையும் மறத்தலாகாது. கொடுத்தவன் பொருளையும் பெற்றவன் குருதியையும் ஒருங்கே மதிப்பதே நடுவுநிலைமை.

நம் சங்கத்துக்கும் இதனுள் ஒரு பாடம் உண்டு. இரவல் கருவி இடுக்கண் தீர்க்கும். நிலைத்த வாழ்வு தருவது அக்கருவியைப் பிரித்து, உணர்ந்து, திருத்தி, தானே செய்யவல்ல கையறிவு ஒன்றே. நம் இளைஞருட் பலர் பொறியை இயக்குதலைப் பெருமையாகவும், அதனைச் செப்பஞ்செய்தலைச் சிறுமையாகவும் எண்ணுகின்றனர். கல்விக்கு நாம் அளிக்கும் பொருளுதவியொடு பட்டறைப் பயிற்சிக்கும் இடந்தருவோமாயின், உதவி பெறுவோர் நாளை உதவி செய்வோராவர். பெற்றோர் இதனை உளங்கொள்வாராக.