முள்ளும் திரையும்

செஸ்னா 172 விமானத்தில் இரண்டு விதக் காக்பிட் உண்டு. புதியவற்றில் கார்மின் ஜி1000 திரைகள் இரண்டு. பழையவற்றில் மேலே மூன்று, கீழே மூன்று என முள் வைத்த ஆறு வட்டக் கருவிகள். திரையில் பழகிவிட்டு முள்ளுக்கு வருகிறவர்கள் இன்று பலர்.

முதல் தடுமாற்றம் உயரமானியில். திரை 4,500 என்று எண்ணாகவே எழுதிக் காட்டும். முள் கருவியிலோ குட்டை முள் 4-க்கும் 5-க்கும் நடுவில், நீள முள் 5-இல் நின்றால்தான் அது 4,500 அடி. விமானம் குலுங்கும்போது குட்டை முள்ளைத் தவறாகப் படித்தால் ஆயிரம் அடி பிசகிவிடும். வேகமும் அப்படித்தான். இன்னும் ஆறு நொடியில் வேகம் எவ்வளவு இருக்கும் என்பதைத் திரை கோடு போட்டுக் காட்டும்; முள்ளின் ஓட்டத்தைப் பார்த்து நாமேதான் கணிக்க வேண்டும். திசையைத் திரை தானே திருத்திக்கொள்ளும். பழைய திசைமானியின் கைரோ, அதாவது உள்ளே சுழலும் சக்கரம், மெல்ல விலகும். கால் மணிக்கு ஒருமுறை, நேராகப் பறக்கும்போது, காந்தத் திசைகாட்டியைப் பார்த்துக் குமிழைத் திருக வேண்டும்.

இவையெல்லாம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். என்னைக் கவலைப்பட வைப்பது, இரண்டும் பழுதாகும் விதம். திரைக்குத் தகவல் வராவிட்டால் அந்த இடத்தில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி விழும். முள் விமானத்திலோ, கைரோவைச் சுழற்றும் வேக்குவம் பம்ப் நின்றால், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் உடனே நிற்பதில்லை. கைரோவின் சுழற்சி தளரத் தளர, அதன் அடிவானக் கோடு கொஞ்சங்கொஞ்சமாகச் சாயும். மேகத்துக்குள் அதை நம்பி எதிர்ப்பக்கம் திருப்பினால், நேராகப் போன விமானம் உண்மையிலேயே சாய்ந்துவிடும். மின்சாரத்தில் ஓடும் திருப்பமானி அசையாமல் இருப்பதைக் கவனித்தவர் தப்புவார். ஒரே திரையைப் பார்த்துப் பழகிய கண், அங்கே போகத் தாமதிக்கும்.

இதற்காகத் திரையைக் குறை சொல்ல மாட்டேன். பழுதை ஒளிக்காமல் சொல்வது பெரிய நன்மை. ஆனால் திரை மட்டுமே காப்பாற்றிவிடாது. 2002 முதல் 2006 வரை தயாரான சிறு விமானங்களை ஆராய்ந்து அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2010-இல் சொன்னது இது: திரை விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு, உயிர்ப்பலி வாங்கிய விபத்துகளின் விகிதம் அதிகம். அவை நெடுந்தூரப் பயணங்களுக்கு அதிகம் பயன்பட்டதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முள் விமானத்தில் மேகத்துக்குள் போகுமுன், பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செயற்கை அடிவானத்தையும் திசைமானியையும் அட்டையால் மறைத்துவிட்டு ஒரு மணி நேரமாவது பறந்து பாருங்கள்.