ஒரு வெள்ளியும் ஒன்பது வெள்ளியும்

என் முதல் சம்பளச் சீட்டில் சிண்டாவுக்கு 7 வெள்ளி பிடித்திருந்தார்கள். சம்பளம் ஏறியதும் அது 9 ஆனது. "வேணாம்னா ஃபார்ம் கொடுத்து நிறுத்திக்கலாம்" என்றான் கூட வேலை செய்யும் நண்பன். நிறுத்தத்தான் நினைத்தேன். வீட்டில் சொன்னபோது தாத்தா திட்டவில்லை. "எதுக்குப் பிடிக்கிறாங்கன்னு தெரியுமாய்யா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது. "நான் ஒரு வெள்ளி கொடுத்தப்ப எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த ஒரு வெள்ளியைத் தேடிப் போனேன்.

சிங்கப்பூர்த் தமிழர் கொடையின் தொடக்கத்தில் தனிமனிதர்களின் பெயர்களே முன்னால் நிற்கின்றன. 1827இல் மாரியம்மன் கோயிலை நிறுவிய நாராயண பிள்ளையை இன்றும் சொல்கிறோம். 1950களில் பெயர் தெரியாதவர்கள் கொடையாளிகள் ஆனார்கள். அன்று சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தது. அங்கே தமிழுக்கு முதலிடமா, சமஸ்கிருதத்துக்கா என்று வாதம் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக நின்றார். 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார். "பேப்பரை ஒருத்தர் சத்தமாப் படிப்பாரு, சுத்தி நின்னு கேப்போம்" என்கிறார் தாத்தா. அப்போது அவருக்குப் பதினேழு வயது. 1956இல் துறை தமிழோடு தொடங்கியது; பிறகு கோலாலம்பூருக்குப் போனது. தாத்தா அந்தப் பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. அதன் வழிவந்த தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் படித்த எனக்கு அவருடைய ஒரு வெள்ளி தெரியாது.

இந்திய மாணவர்கள் கல்வியில் பின்தங்குகிறார்கள் என்ற கவலையில் 1991இல் சிண்டா பிறந்தது. மத்திய சேமநிதி வழியாக மாதாமாதம் சந்தா போகிறது. யாரும் வீடு வீடாக உண்டியல் குலுக்க வேண்டியதில்லை, உதவி தடைபடுவதில்லை. ஆனால் கேட்பவரும் கொடுப்பவரும் பேசிக்கொள்வதும் நின்றுவிட்டது.

என் வயதுக்காரர்கள் அந்தப் பேச்சைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள் என்று நினைக்கிறேன். கியூஆர் கோட்டை ஸ்கேன் செய்து ஐந்து வெள்ளி அனுப்புவதற்குமுன் "காசு எங்கே போகுது?" என்று கேட்கிறார்கள். காசோடு சனிக்கிழமையையும் கொடுக்கிறார்கள். இதைச் சந்தேகப் புத்தி என்று சில பெரியவர்கள் வருந்துகிறார்கள். தாத்தா அப்படிச் சொல்லவில்லை.

ஒன்பது வெள்ளியை நான் நிறுத்தவில்லை. இப்போது சனிக்கிழமை காலையில் ஒரு தொடக்கநிலை ஐந்து பையனுக்குப் பின்னம் சொல்லிக் கொடுக்கிறேன். வீடு திரும்பியதும் தாத்தா கேட்பார்: "இன்னைக்குப் பய எத்தனை கணக்குப் போட்டான்?"