என்.எஸ்.எஸ்.: பிள்ளைகள் கையிலா, கல்லூரி கையிலா?



போன வாரம் பிள்ளைப்பாக்கத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார. அவர் மகள் கல்லூரித் தோழிகளோடு சேர்ந்து ஏரிக்கரையில் குப்பை அள்ளும் குழு ஒன்றை நடத்துகிறாள். இனி அது நாட்டு நலப்பணித் திட்டத்தின் கீழ்தான் நடக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அனுமதிக் கடிதம் வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்களாம். "கட்டுப்படணுமா சார், இல்ல தனியாவே நடத்தலாமா?" என்று கேட்டார். நான் பல வருடம் திட்ட அலுவலராக இருந்தவன் என்பதால் வந்த கேள்வி. போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி என்.எஸ்.எஸ்.ஸைவிட மூத்தது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தாமே விரும்பி வந்து தொண்டு செய்யட்டும் என்றது. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழுவோ, ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை தேசிய சேவை கட்டாயம் என்றது. பிறகு கே.ஜி. சையிதைன் பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்து, விருப்பத்தின் பேரில் நடப்பதே நல்லது என்றார். அந்தக் கருத்துதான் நின்றது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

அன்று செய்துகொண்ட சமரசம் இதுதான்: சேருவது மாணவர் விருப்பம், நடத்துவது ஆசிரியர் பொறுப்பு. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம், அரசுப் பணம், அதற்குக் கணக்கு. வரவு செலவு ஒழுங்காக இருந்தது. ஆனால் "எந்த ஊரில், என்ன வேலை" என்பதையும் பல இடங்களில் நாங்களே முடிவு செய்துவிட்டோம். பிள்ளைகள் வருகைப் பதிவுக்கு வந்து நின்றார்கள். அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்.

என்னை மாற்றியது 2015 டிசம்பர் வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் போன நாட்கள் அவை. என் மாணவர்கள் போன் செய்து, "சார், சாப்பாடு கொண்டு போகலாமா?" என்றார்கள். "மேலிடத்து அனுமதி வரட்டும்" என்றேன். அனுமதி மூன்றாம் நாள் வந்தது. அதற்குள் அவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் பொட்டலம் கட்டி, தெருத் தெருவாகக் கொடுத்து முடித்திருந்தார்கள். எனக்குக் கோபம், கூடவே வெட்கம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவர்களில் நீச்சல் தெரியாத ஒரு பையன் இடுப்பளவு ஓடும் தண்ணீரில் இறங்கியிருக்கிறான். கயிறு இல்லை. அவன் போன இடம் வீட்டுக்கும் தெரியாது. யாரோ ஒரு ஆட்டோக்காரர் கையைப் பிடித்து இழுத்ததால் இன்று அவன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவன் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான் என்பது அன்று உறைத்தது.

பிள்ளைகள் ஓடியதும் சரி, கல்லூரி பயந்ததும் சரி. அதன் பிறகு நான் வேலையைப் பிரித்துக் கொடுத்தேன். எங்கே, என்ன, எப்போது என்பது பிள்ளைகள் முடிவு. பாதுகாப்பு, பணம், பெற்றோருக்குத் தகவல் ஆகிய மூன்றும் என் பொறுப்பு. பருவத் தொடக்கத்திலேயே ஒரே கடிதமாக முதல்வரிடம் அனுமதி வாங்கி வைத்துவிடுவேன்.

அந்தப் பெண்ணுக்கும் இதையே சொன்னேன். உள்ளே போ அம்மா, ஆனால் சும்மா பெயர் கொடுத்துவிட்டு உட்காராதே. கல்லூரியின் ஆலோசனைக் குழுவில் மாணவர்களுக்கு இடம் கேள். பருவத்துக்கு ஒரே அனுமதி கேள். அடுத்த மழைக்கு எந்தக் கரையில் நிற்பது என்பதை மட்டும் உன் தோழிகளோடு நீயே முடிவு செய்.

என்னோடு முகாமுக்கு வந்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். அந்தப் பெண் படிப்பாள்.