ஒரே பெயரில் பறந்த கொசுக்கள்

பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்கள் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தைத்தான் விசாரிக்கிறார்கள். விலங்கியல் வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கோ இந்த மலையடிவாரத்தின் சரித்திரத்தில் பாதி கொசுவின் சரித்திரம். என் அப்பத்தா காலத்தில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய் நடுங்கிக்கொண்டு இறங்கினால் அது மலைக்காய்ச்சல், அதாவது மலேரியா; 'மேல தண்ணி ஒத்துக்கல' என்பார்கள். மருந்து, கசக்கும் கொய்னா.

1887-இல் தொடங்கி 1895-இல் திறந்த பெரியாறு அணையின் கதையிலும் இந்தக் காய்ச்சல் வருகிறது. அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் ஆட்களை வெள்ளத்தோடு சேர்ந்து வதைத்தது அதுதான். அணை திறந்தபோதும் காய்ச்சலுக்குக் காரணம் காட்டின் கெட்ட காற்று என்றே படித்தவர்களில் பலரும் நம்பினார்கள். செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது 1897 ஆகஸ்ட் 20-இல். அதே ஆண்டு நீலகிரியின் சீகூர் சரிவில் அவரே மலேரியாவில் படுத்திருந்தார்!

அப்புறம்தான் இந்தக் கதையின் இரண்டு கொசுக்களுக்குப் பெயர் வைத்தார்கள். குளம், வயல், கிணறு என்று முட்டையிடும் அனோபிலஸ் குலிசிஃபேசிஸுக்கு 1901-இல். மலையோடையின் மெதுவான ஓரங்களில் வளரும் ஃப்ளுவியாட்டிலிஸுக்கு 1902-இல். சமவெளிக்கு முன்னது, மலைக்குப் பின்னது என்று கணக்கு எளிதாக முடிந்தது. 1953-இல் தேசிய மலேரியாத் திட்டம் வந்ததும் வீட்டுக்கு வீடு டி.டி.டி. அடித்துச் சுவரில் தேதி எழுதிப்போனார்கள்.

கணக்கு அவ்வளவு எளிதல்ல என்பது பின்னால் தெரிந்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த குலிசிஃபேசிஸ், ஏ முதல் ஈ வரை ஐந்து இனங்களாகப் பிரிந்தது. ஃப்ளுவியாட்டிலிஸிலும் எஸ், டி (T), யு என்று வந்தன. எஸ் மனித ரத்தத்தைத் தேடும், மலேரியாவைப் பரப்பும். டி மாட்டைத் தேடும். இறக்கையைப் பார்த்து இவற்றைப் பிரிக்க முடியாது.

பிரிக்க உதவியவற்றில் ஒன்று, செல் தூக்கி எறிகிற ஒரு துண்டு. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை செல் ஒரே நீள இழையாக எழுதி, நடுவிலுள்ள இடைவெளிப் பகுதிகளை வெட்டிவிடுகிறது, தையல்காரர் ஓரத்துணியைக் கத்தரிப்பதுபோல. எறியப்படுவதால் அதில் எழுத்துகள் சீக்கிரம் மாறும். ஆனால் சரியாக வெட்டுப்பட அது கொண்டை ஊசிபோல மடங்கியாக வேண்டும். ஒரு பக்கம் எழுத்து மாறினால் எதிர்ப்பக்கமும் பெரும்பாலும் ஈடுகட்டி மாறுகிறது. அதனால் நெருங்கிய இனங்களை ஒப்பிடும்போது எழுத்தோடு மடிப்பையும் பார்க்கிறார்கள். ஐ.டி.எஸ்.2 என்னும் இந்த இடைவெளியை வைத்து எஸ், டி இரண்டையும் பிரிக்கும் சோதனையை 2001-இல் வெளியிட்டவர்களில் புதுச்சேரி வெக்டர் ஆராய்ச்சி மையத்தாரும் உண்டு.

இதைச் சர்வரோக நிவாரணி என்று நான் சொல்லமாட்டேன். ராமேஸ்வரம் தீவில் கண்டது குலிசிஃபேசிஸின் பி இனம் என்றார்கள். அது மாட்டைத் தேடும், மலேரியா பரப்பாதது. தீவிலோ மலேரியா ஓயவில்லை. 1999-இல் ஒய் குரோமோசோமின் வடிவத்தைப் பார்த்துத்தான் உள்ளே ஒளிந்திருந்த ஈ இனத்தைப் பிடித்தார்கள். கடலுக்கு அப்பால் இலங்கையிலும் அது உண்டு. ஐ.டி.எஸ்.2-ஐ நொதியால் வெட்டிப் பார்த்தால் குலிசிஃபேசிஸின் ஏ, டி (D) ஒரு கூட்டம். பி, சி, ஈ மறு கூட்டம். பி-யையும் ஈ-யையும் பிரிக்க வேறு ஜீனைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அதனால் மலைத்தோட்டங்களைப் பற்றிய பழைய மலேரியா அறிக்கைகளில் 'ஃப்ளுவியாட்டிலிஸ்' என்று வந்தால், பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டுத்தான் மேலே படிக்கிறேன்.