துறைமுகச் சட்டத்தில் ஏறி வந்த தடை

சூதாட்டத்தைத் தடுக்கும் விதி, கப்பல் துறைமுகங்களின் காவலைப் பற்றிய சட்டத்துக்குள் இருக்குமென்று எவரும் எதிர்பாரார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2006ஆம் ஆண்டில் அப்படித்தான் நிகழ்ந்தது.

போக்கர் என்பது பணயம் வைத்து ஆடும் சீட்டாட்டம். கைக்கு வரும் சீட்டு அதிர்ஷ்டம். அதை வைத்துப் பணம் கட்டுவதா, விலகுவதா என்பது ஆடுபவனின் மதி. ஆகவே இது சூதா, திறமையா என்னும் வழக்கு பழையது. 1998இல் இவ்வாட்டம் பணத்துக்காக இணையத்தில் தொடங்கியது. 2003இல் மனிமேக்கர் என்னும் கணக்கர் இணையத்தில் ஆடித் தகுதிபெற்று, லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் வென்று 25 லட்சம் டாலர் பெற்றார். பணம் பண்ணுபவர் என்பதே அப்பெயரின் பொருள். அவருடைய இயற்பெயரே அதுதான்! அதன்பின் வீட்டிலிருந்தே ஆடுவோர் தொகை பெருகிற்று.

குடும்பச் சேமிப்பு இரவோடிரவாகக் கரையும் என்று எதிர்ப்பாளர் அஞ்சினர். அந்த அச்சம் பொய்யன்று. ஆனால் அவர்கள் கைக்கொண்ட வழியைக் கவனியுங்கள். பிரதிநிதிகள் சபை ஜூலையில் தடை மசோதாவை நிறைவேற்றியது. செனட் சபை அதைத் தனியே எடுத்துக்கொள்ளவில்லை. செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் பில் பிரிஸ்ட் அதைத் துறைமுகப் பாதுகாப்பு மசோதாவுடன் இணைக்கச் செய்தார். உறுப்பினர்கள் தேர்தலுக்காக ஊர் திரும்பும் அவசரத்தில், செப்டம்பர் இறுதி நாளன்று அது நிறைவேறிற்று. துறைமுகக் காவலை எதிர்த்து யார் வாக்களிப்பார்? அக்டோபர் 13ஆம் நாள் ஜனாதிபதி புஷ் கையொப்பமிட்டார்.

அச்சட்டம் ஆடுபவனைத் தண்டிக்கவில்லை. பணம் செல்லும் வழியையே தடுத்தது. ஆற்றை விட்டு மடையை அடைத்த கதை. பார்னி பிராங்க் என்னும் உறுப்பினர், வயது வந்தவர் தம் வீட்டில் ஆடுவதை அரசு தடுப்பானேன் என்று வாதாடி, உரிமம் வழங்கும் மசோதாவைக் கொணர்ந்தார். 2010இல் குழுவில் அதற்கு 41 வாக்குகள், எதிராக 22. எனினும் முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு அது வரவேயில்லை.

2011 ஏப்ரல் 15ஆம் நாள் அரசு வழக்கறிஞர்கள் மூன்று பெரிய போக்கர் நிறுவனங்களின்மீது வங்கி மோசடிக் குற்றம் சாட்டினர். அவற்றுள் ஒன்றான புல் டில்ட், ஆடுவோருக்குத் தரவேண்டியது ஏறத்தாழ 39 கோடி டாலர். வங்கியில் வைத்திருந்ததோ 6 கோடி. அதற்கு உரிமம் தந்திருந்தது ஆல்டர்னி என்னும் சிறு தீவு. அமெரிக்க ஆட்டக்காரர் தம் பணத்தைத் திரும்பக் காண 2014 வரை காத்திருக்க நேர்ந்தது. தடைதான் அவர்களைக் காப்பாற்றும் என்று சொல்லப்பட்டதை இங்கே நினைவுகூர்வது தகும்.

கதவு திறந்ததும் வேறொரு திசையிலிருந்துதான். தத்தம் லாட்டரிச் சீட்டை இணையத்தில் விற்கலாமா என்று நியூயார்க்கும் இல்லினாயும் நீதித்துறையைக் கேட்டன. 1961ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் விளையாட்டுப் பந்தயத்தை மட்டுமே தடுக்கும் என்னும் விடை 2011 டிசம்பரில் வெளியாயிற்று. அதைப் பற்றிக்கொண்டு நெவாடா, டெலவேர், நியூஜெர்சி மாநிலங்கள் 2013இல் இணையப் போக்கரைத் தொடங்கின. சூதாட்ட விடுதிகளால் செல்வந்தரான ஷெல்டன் அடெல்சன் சிறுவர் நலன் கருதி இதை எதிர்த்தார். அவருடைய கவலையில் சிறுவருக்கு எவ்வளவு, விடுதிகளுக்கு எவ்வளவு என்று மாணவர்களே எடைபோடலாம்.

2018இல் நீதித்துறை தன் கருத்தை மாற்றிற்று. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முன்னைய பொருளே சரி என்றது. அவ்வழக்கைத் தொடுத்தவரும் போக்கர் ஆட்டக்காரரல்லர். நியூஹாம்ஷயர் மாநில லாட்டரித் துறையினர்.